பையர் மெயிலில் கற்ற ஆங்கிலம், பி.இ.சி. தேர்வு வரை

பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ் வழியில் படித்தவள் நான். பி.காம். முடித்ததும் திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதி கம்பெனியில் மெர்ச்சண்டைசராகச் சேர்ந்தேன். பாதி நாள் நிட்டிங், டையிங், செக்கிங் என்று அலைய வேண்டும். மீதி நாள் வெளிநாட்டு பையருக்கு, அதாவது நம்மிடம் சரக்கு வாங்குபவருக்கு, மெயில் எழுத வேண்டும். அலைச்சல் ஒரு மாதத்தில் பழகிவிட்டது. மெயில் பழகவில்லை.

முதலில் எல்லோரும் செய்வதைத்தான் செய்தேன். இடது பக்கம் ஆங்கிலச் சொல், வலது பக்கம் தமிழ், தினம் இருபது சொல். நோட்டு நிறைந்தது. ஆனால் 'டெலே' என்றால் தாமதம் என்று தெரிந்திருந்தும், டையிங்கில் மூன்று நாள் தாமதமாகும் என்று ஒரு வரி எழுத அரை மணி நேரம் ஆனது. அந்தச் சொல்லுக்கு முன்னால் என்ன வரும், பின்னால் என்ன வரும் என்று நோட்டில் இல்லை.

பக்கத்து சீட்டில் இருந்த சீனியர் அக்கா ஒருநாள் நோட்டை வாங்கிப் பார்த்தார். "வெயில் என்ன பண்ணுதுங்க?" என்று கேட்டார். "அடிக்குதுங்க்கா" என்றேன். "மழை?" "பெய்யுது." "வெயில் பெய்யுதுன்னு யாராச்சும் சொல்லுவாங்களா? அந்த மாதிரிதான் இங்கிலீஷும். எது எதுகூட வருதோ அதையும் சேத்து எழுதுங்க" என்றார். என் படிப்பு திரும்பியது அந்த இடத்தில்தான். ஆர்டரை 'ப்ளேஸ்' செய்கிறார்கள், இன்வாய்ஸை 'ரெய்ஸ்' செய்கிறார்கள், டெட்லைனை 'மீட்' செய்கிறார்கள். இதற்கெல்லாம் காரணம் தேடாமல் ஜோடியாக மனதில் ஏற்றிக்கொள்ள வேண்டும்.

அதற்கு நல்ல பாடப்புத்தகம் பழைய மெயில்கள்தான். நாம் அனுப்பியவற்றை விட்டுவிட்டு, ஆங்கிலம் தாய்மொழியான பையர்கள் எழுதியதை மட்டும் எடுத்தேன். புது நோட்டில் தலைப்புகளைத் தமிழில் போட்டேன்: 'டைம் கேட்க', 'விலை குறைக்க முடியாதுன்னு சொல்ல', 'ஞாபகப்படுத்த', 'தப்பை ஒத்துக்க'. டைம் கேட்பதன் கீழே, 'வுட் இட் பி பாஸிபிள் டு எக்ஸ்டெண்ட் தி டெலிவரி டேட் பை எ வீக்?' முடியாது என்பதன் கீழே, 'ஐ ஆம் அஃப்ரெய்ட் வீ ஆர் அன்ஏபிள் டு...' இங்கே 'அஃப்ரெய்ட்' என்பது பயம் அல்ல, வருத்தம். சொல்லுக்குச் சொல் பொருள் பார்த்திருந்தால் இந்த வரி எனக்குப் புரிந்தே இருக்காது.

இனி சொல்லப் போவது தமிழில் யோசித்து ஆங்கிலத்தில் எழுதும் நம் எல்லோருக்குமான விஷயம். எந்தப் பொது வகுப்பிலும் இதை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. 'வெள்ளிக்கிழமைக்குள்' என்றால் 'பை ஃப்ரைடே'. 'வெள்ளிக்கிழமை வரைக்கும்' என்றால் 'அன்டில் ஃப்ரைடே'. தமிழில் இந்த வேறுபாடு நமக்குத் தெளிவாக இருக்கிறது, ஆனாலும் ஆங்கிலம் எழுதும்போது கை 'அன்டில்' பக்கம் போய்விடும். 'வீ வில் சென்ட் சாம்பிள்ஸ் அன்டில் ஃப்ரைடே' என்றால் வெள்ளி வரை தினமும் அனுப்பிக்கொண்டே இருப்போம் என்று அர்த்தம். 'டிஸ்கஸ் அபவுட்' என்று எழுதுவதும் இப்படித்தான். தமிழில் 'பற்றி' வருவதால் ஆங்கிலத்திலும் ஒட்டிக்கொள்கிறது. 'டிஸ்கஸ்' உள்ளேயே 'பற்றி' இருக்கிறது.

எனக்கு உண்மையில் நஷ்டம் வந்தது ஒரு 'யெஸ்' சொல்லியதால். போனில் பையர் தரப்பில், 'ஹேவன்ட் யூ சென்ட் தி பிபி சாம்பிள் யெட்?' என்று கேட்டார்கள். பிபி சாம்பிள் என்பது மொத்த உற்பத்திக்கு முன் அனுப்பும் மாதிரி. இன்னும் அனுப்பலையா என்ற கேள்விக்குத் தமிழில் 'ஆமாங்க, அனுப்பல' என்போம். நானும் 'யெஸ்' என்றேன். அனுப்பிவிட்டதாக அவர்கள் எடுத்துக்கொண்டு, இரண்டு நாள் கழித்து கூரியர் நம்பர் கேட்டார்கள். ஆங்கிலத்தில் அங்கே 'நோ' என்றுதான் சொல்ல வேண்டும். அன்றிலிருந்து எதிர்மறைக் கேள்வி வந்தால் யெஸ், நோ இரண்டையும் விட்டுவிட்டு முழு வாக்கியமாகப் பதில் சொல்கிறேன்: 'வீ ஹேவன்ட் சென்ட் இட் யெட்.' நீங்களும் அப்படியே பழகுங்கள்.

தேதியிலும் கவனம் வேண்டும். 05/06 என்றால் நமக்கும் இங்கிலாந்துக்காரருக்கும் ஜூன் 5; அமெரிக்கருக்கு மே 6. மாதத்தை எழுத்தில் எழுதிவிடுங்கள். 'டூ தி நீட்ஃபுல்' (தேவையானதைச் செய்யுங்கள்), 'ப்ரீபோன்' (முன் தேதிக்கு மாற்றுவது) இரண்டும் நம் ஊர் அலுவலகங்களில் நன்றாகச் செல்லும், வெளிநாட்டவர் பலருக்குப் புரியாது. அவை தப்பு என்று நான் நினைக்கவில்லை. பையர் மெயிலில் மட்டும் தவிர்க்கிறேன்.

வியாபாரச் சொற்களில் இன்னொரு வகை இருக்கிறது. பார்க்கச் சாதாரணச் சொல்லாக இருக்கும், ஆனால் விதிப்படி அதற்கு அளவு உண்டு. எல்சி எனப்படும், சரியான ஆவணங்களைக் கொடுத்தால் பணம் தருவதாக பையரின் வங்கி உறுதி சொல்லும் கடன் கடிதங்களுக்கு சர்வதேச வணிக சபை வகுத்த யுசிபி 600 என்ற விதிகள் 2007 ஜூலை முதல் நடைமுறையில் உள்ளன. அதன்படி ஷிப்மென்ட் தேதி 'ஆன் ஆர் அபவுட் 15 மே' என்றிருந்தால், மே 10 முதல் 20 வரை, இரு நாட்களும் சேர்த்து. 'அபவுட் 10,000 பீசஸ்' என்றால் பத்து சதவீதம் கூடலாம், குறையலாம். பீஸ் கணக்கில் போட்ட ஆர்டரில் அந்த 'அபவுட்' இல்லாவிட்டால் எண்ணிக்கையில் இந்தச் சலுகை கிடையாது. நாம் அடிக்கடி எழுதும் 'இம்மீடியட்லி', 'ஆஸ் ஸூன் ஆஸ் பாஸிபிள்' போன்ற சொற்கள் எல்சியில் இருந்தால், ஆவணத்தில் இடம்பெற வேண்டும் என்று கேட்டிருந்தால் தவிர, வங்கி அவற்றைக் கணக்கிலேயே எடுக்காது. இதைப் படித்த நாளில் மெயிலிலும் 'ஏசாப்' ('ஆஸ் ஸூன் ஆஸ் பாஸிபிள்' என்பதன் சுருக்கம்) போடுவதை நிறுத்தினேன். தேதி போட்டால்தான் வேலை நடக்கும். விற்பவர், வாங்குபவர் இருவரில் யாருக்கு என்ன செலவு, பொறுப்பு என்று சொல்லும் எஃப்ஓபி, சிஐஎஃப் மாதிரியான சுருக்கச் சொற்களுக்கு இன்கோடெர்ம்ஸ் என்று பெயர்; 2020 பதிப்பில் மொத்தம் பதினொன்று. அவற்றை அர்த்தமாகப் படிக்காமல், சரக்கின் பொறுப்பு எந்த இடத்தில் கை மாறுகிறது என்று படம் வரைந்து படியுங்கள். எஃப்ஓபி தூத்துக்குடி என்றால், சரக்கு அங்கே கப்பலில் ஏறும் வரை பொறுப்பு நம்முடையது.

இரண்டு வருடம் கழித்து, கேம்பிரிட்ஜ் நடத்தும் வணிக ஆங்கிலத் தேர்வான பி.இ.சி. வாண்டேஜ் எழுதினேன். அது பி2, அதாவது நடுத்தரத்துக்குச் சற்று மேலான நிலை. நான் எழுதியபோது ரீடிங்கில் ஒரு மணி நேரத்தில் 45 கேள்விகள். அதில் 15 கேள்விகள் கோடிட்ட இடத்துக்கு நாலு சொல்லில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பது. நாலும் கிட்டத்தட்ட ஒரே அர்த்தம். எது எதோடு சேரும் என்று தெரிந்தவருக்கே பதில் கிடைக்கும். அக்கா சொன்ன வெயிலும் மழையும் அங்கே கைகொடுத்தன. வேண்டாத சொல்லைக் கண்டுபிடிக்கும் பகுதியில் என் 'டிஸ்கஸ் அபவுட்' பழக்கத்தைத் திருத்தியது உதவியது.

ரைட்டிங்குக்கு 45 நிமிடம். முதலில் அலுவலகத்துக்குள் அனுப்பும் குறிப்பு, 40 முதல் 50 சொற்கள். அடுத்து கடிதமோ அறிக்கையோ முன்மொழிவோ, 120 முதல் 140 சொற்கள். சிறிய குறிப்பில் நேரத்தைத் தொலைக்காதீர்கள், பெரியதற்குத்தான் மதிப்பெண் அதிகம். கொடுத்த எல்லாக் குறிப்புகளையும் தொட்டுவிட்டோமா என்று விரல் வைத்துச் சரிபாருங்கள். ஸ்பீக்கிங்கில் மூன்று தலைப்புகளில் ஒன்றை எடுத்து, ஒரு நிமிடம் யோசித்து, ஒரு நிமிடம் பேச வேண்டும். 'சப்ளையரைத் தேர்ந்தெடுக்கும்போது எது முக்கியம்' என்ற மாதிரி தலைப்புகள். வீட்டில் அடுப்படியில் நின்று போனில் டைமர் வைத்துப் பேசிப் பழகினேன். முதல் வாரம் இருபது வினாடிக்கு மேல் பேச்சு வரவில்லை. 'ஃபர்ஸ்ட்' என்று ஆரம்பித்து ஒரு காரணம், உடனே நம் கம்பெனியில் நடந்த ஒரு உதாரணம் என்று சேர்த்ததும் நிமிடம் நிறைந்தது.

என் நோட்டில் கடைசித் தலைப்பு 'புரியலைன்னு சொல்ல'. அதன் கீழ் மூன்றே வரி. 'சாரி, ஐ டிடின்ட் கேட்ச் தட்.' 'குட் யூ ஸ்பெல் தட் ஃபார் மீ, ப்ளீஸ்?' 'ஸோ, ஜஸ்ட் டு கன்ஃபர்ம்...' மூன்றாவதைச் சொல்லிவிட்டு, கேட்டதைத் திருப்பி அவர்களிடமே சொல்ல வேண்டும். மற்ற எதையும் படிக்கும் முன்னால் இந்த மூன்றையும் வாய்விட்டுச் சொல்லிப் பழகுங்கள். பையரின் முதல் போன் கால் வருவதற்கு முன் இவை நாக்கில் இருக்க வேண்டும்.