குரூப் 4 தேர்வும் என் பதற்றமும்: எழுதிப் பார்த்ததில் தெரிந்தவை

தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையம் (டிஎன்பிஎஸ்சி) நடத்தும் குரூப் 4 தேர்வின் முடிவில் என் தரவரிசை எண்ணைப் பார்த்த நிம்மதி இன்னும் தணியாத நிலையில் இதை எழுதுகிறேன். எந்த வகுப்புப் பாடநூலிலிருந்து தொடங்குவது, நடப்பு நிகழ்வுகளுக்கு எதைப் படிப்பது என்பவற்றைப் பலர் விரிவாகச் சொல்லியிருக்கிறார்கள். சமச்சீர்ப் பாடநூல்களை வரி விடாமல் படித்தவர்களிடம் அதையே திரும்பச் சொல்ல வேண்டியதில்லை. படித்தது அத்தனையும் மனத்தில் இருந்தும், மாதிரித் தேர்வில் உட்கார்ந்ததும் கைவிரல்கள் சில்லிட்டு, தெரிந்த விடைகூடத் தெரியாததுபோல் ஆகிவிடுகிறவர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

இந்தத் தேர்வின் அமைப்பே பதற்றத்துக்கு இடம் கொடுப்பதுதான். 180 நிமிடத்தில் 200 வினா என்றால் ஒரு வினாவுக்கு 54 விநாடி; அதற்குள் ஓஎம்ஆர் என்னும் இயந்திரம் திருத்தும் விடைத்தாளில் வட்டத்தையும் நிரப்ப வேண்டும். தமிழ்ப் பகுதியில் 60 மதிப்பெண் வராவிட்டால் மற்றப் பகுதியைத் திருத்தவே மாட்டார்கள். இதற்கு மேல், ஒன்றரை மதிப்பெண், அதாவது ஒரே ஒரு வினாவின் இடைவெளிக்குள் பெருங்கூட்டம் நிற்கும் என்பதும் நமக்குத் தெரியும். இத்தனையையும் தெரிந்துவைத்திருக்கும் ஒருவரிடம் "டென்ஷன் ஆகாதே" என்று சொல்வதால் பயன் எதுவும் இல்லை. எனக்கும் எல்லோரும் அதைத்தான் சொன்னார்கள். எது வருகிறது, எப்போது வருகிறது, எதைத் தொட்டு வருகிறது என்று கேட்கும்படி ஒருவரும் சொல்லவில்லை.

அதற்காகவே ஒரு குறிப்பேடு வைத்தேன். ஒவ்வொரு மாதிரித் தேர்வும் முடிந்தவுடன், விடைக்குறிப்பைத் திறப்பதற்கு முன்பாகவே, பதற்றம் வந்த நேரம், அதற்குச் சற்று முன் நடந்தது, உடலில் தெரிந்த மாற்றம், மனத்தில் ஓடிய வாக்கியம் ஆகிய நான்கையும் எழுதுவேன். இந்த நான்காவதுதான் எனக்கு வழி காட்டியது என்பதை அழுத்திச் சொல்கிறேன். "பயமாக இருந்தது" என்று எழுதினால் அது குறிப்பாகாது. மனத்தில் ஓடியது எந்தச் சொற்களில் ஓடியதோ அதே சொற்களில் எழுத வேண்டும்.

ஒரு குறிப்பை அப்படியே தருகிறேன். "கூட்டு வட்டிக் கணக்கு. விடை நான்கு தெரிவுகளிலும் இல்லை. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன், 11.40. உள்ளங்கை வியர்த்துத் தாளின் ஓரம் ஈரமாகிவிட்டது. வாக்கியம்: 'சாயங்காலம் அத்தான் எத்தனை மார்க் என்று கேட்பார்.'" வீட்டுக்கு வந்து இதைப் படித்தபோது, கூட்டு வட்டிக்கும் அந்த வாக்கியத்துக்கும் எந்தத் தொடர்பும் இல்லை என்பது தெளிவாகத் தெரிந்தது. அடுத்த பத்து வினாக்களை நான் அரைகுறையாகப் படித்திருந்தேன். அவற்றில் திருக்குறள் வினாக்கள் இரண்டும் இருந்தன. கணக்கில் போனது ஒரு வினா. அந்த வாக்கியத்தால் போனது அதைவிடப் பல மடங்கு.

குறிப்புகள் சேர்ந்த பிறகு மதிப்பெண்களோடு வைத்துப் பார்த்தேன். கை நடுக்கமும் நெஞ்சுப் படபடப்பும் நல்ல மதிப்பெண் வந்த நாள்களிலும் இருந்திருக்கின்றன. மதிப்பெண் சரிந்த நாள்களில் மட்டும் நான்காவது கட்டம் நிறைந்திருந்தது. அதுவரை நான் போராடிக்கொண்டிருந்தது என் கைகளோடு. நிறுத்த வேண்டியிருந்தது அந்த வாக்கியங்களை.

இந்தப் பிரிவினை புதியதன்று. 1967ஆம் ஆண்டிலேயே லீபர்ட், மோரிஸ் என்னும் உளவியலாளர்கள் தேர்வுப் பதற்றத்தில் கவலை, உடல்-உணர்ச்சிக் கிளர்ச்சி என இரண்டு கூறுகள் இருப்பதாகப் பிரித்துக் காட்டினார்கள். அதன்பின் வந்த ஆய்வுகளிலும், குறைந்த மதிப்பெண்ணோடு அதிகம் தொடர்புடையதாகத் தெரிந்தது கவலைதான். காரணத்தைப் புரிந்துகொள்வது கடினமில்லை. கணக்கின் இடைப்படிகளையும், கூற்று-காரண வினாவின் இரு வாக்கியங்களையும் ஒரே நேரத்தில் மனத்தில் நிறுத்திவைக்கும் இடம் மிகச் சிறியது. கவலை வாக்கியம் அந்த இடத்தில் வந்து உட்கார்ந்துகொள்கிறது. உடலின் படபடப்பு அப்படியன்று. அட்ரினலின் சுரந்து, இதயம் வேகமாகத் துடித்து, ரத்தம் பெருந்தசைகளுக்குத் திருப்பப்படுவதால் விரல் சில்லிடுகிறது, வயிறு கலங்குகிறது. தேர்வு தொடங்கிச் சற்று நேரத்தில் பெரும்பாலும் அதுவாகவே தணியும். அது வரும் என்று முன்பே தெரிந்தவருக்கு அது வந்ததும் ஒரு தகவல் மட்டுமே. தெரியாதவருக்கோ, "எனக்கு ஏதோ ஆகிவிட்டது" என்னும் அடுத்த கவலைக்கு அதுவே விதையாகிறது.

உடலுக்கு நான் செய்தவை குறைவு: நான்கு எண்ணி மூச்சை இழுத்து ஆறு எண்ணி விடுவது, தேர்வு நாள் காலையில் இரண்டாவது டீயைத் தவிர்ப்பது. மூச்சை விடும் நேரம் நீளும்போது இதயத் துடிப்பு சற்று மெதுவாகும். தேநீரில் உள்ள காஃபீன் படபடப்பைக் கூட்டும். இவ்வளவு போதும்.

வாக்கியங்களுக்குத்தான் அதிக உழைப்பு தேவைப்பட்டது. குறிப்பேட்டைப் புரட்டியபோது என் கவலைகள் எண்ணற்றவையல்ல, திரும்பத் திரும்ப வருபவை மூன்றே என்று தெரிந்தது. அவற்றுக்கு "வீடு", "கடிகாரம்", "பக்கத்து மேசை" என்று பெயர் வைத்தேன். மூன்றாவது, பக்கத்தில் இருப்பவர் தாளைத் திருப்பும் ஓசை கேட்டதும் வருவது. தேர்வறையில் அவை எழும்போது மறுத்து வாதிடாமல், மனத்துக்குள் பெயரை மட்டும் சொல்லிவிட்டு, பேனா முனையை அடுத்த வினாவின் எண்ணில் வைத்து வினாவின் முதல் சொல்லை உதடசைத்துப் படிப்பேன். வாதிட்டால் இன்னும் பத்து விநாடி போகும். பெயர் சொல்ல ஒரு நொடி போதும். மாதிரித் தேர்வுகளில் பழகாமல் இதை நேராகத் தேர்வு நாளில் முயன்றால் பலிக்காது.

தேர்வு நாளுக்கு:

வினாத்தொகுப்பை வாங்கியதும் வரும் படபடப்பை எதிர்பார்த்தே செல்லுங்கள்.

கணிதத்தைக் கடைசிக்கு வையுங்கள். "கடிகாரம்" எனக்கு எப்போதும் அங்கேதான் வந்தது. உங்களுக்குத் தமிழிலேயே வந்தால் வரிசையை மாற்றிக்கொள்ளுங்கள்.

தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பு இல்லை. ஆகவே ஒரு வினாவை விட்டு நகர்வதில் இழப்பு இல்லை. ஆனால் முடிவில் எதையும் காலியாக விடாதீர்கள். எதையும் குறிக்க விரும்பாவிட்டால் "விடை தெரியவில்லை" என்னும் ஐந்தாவது வட்டமாவது நிரப்பப்பட்டிருக்க வேண்டும்.

முந்தைய நாள் நண்பர்களுடன் கேள்வி கேட்டுக்கொள்ள உட்காராதீர்கள். டெலிகிராம் குழுக்களை ஒரு வாரத்துக்கு முன்பே ஒலியில்லாமல் ஆக்கிவிடுங்கள். கூட்டமாகப் படித்தால் தெம்பு பெறுகிறவர்கள் இருக்கிறார்கள் என்பதை அறிவேன். என் இயல்பு அதுவன்று.

தேர்வு மையத்துக்குள் போவதற்கு முன், பேருந்து நிறுத்தத்தின் சிமெண்டுத் திண்ணையில் உட்கார்ந்து, அன்றைக்கு மனத்தில் இருந்த கவலைகளை ஒரு தாளில் எழுதினேன். ராமிரெஸ், பைலாக் ஆகிய இருவர் 2011இல் வெளியிட்ட ஆய்வில், தேர்வுக்குச் சற்று முன் பத்து நிமிடம் தம் கவலைகளை எழுதிய மாணவர்கள் எழுதாதவர்களைவிட நன்றாகச் செய்திருந்தார்கள், அதிலும் பதற்றம் மிகுந்தவர்களுக்கே பயன் கூடுதலாக இருந்தது என்று படித்திருந்தேன். எழுதிய தாளை அங்கேயே கிழித்துப் போட்டுவிட்டுத்தான் உள்ளே போனேன். தேர்வின் நடுவில் "வீடு" வந்தது. பெயரைச் சொன்னேன், அடுத்த வினாவுக்குப் போனேன். மீண்டும் வந்தது, மீண்டும் சொன்னேன். அது வராமலே இருக்கவேண்டும் என்று எதிர்பார்க்காதீர்கள்.

நான் போய்வந்த பயிற்சி மையத்தில் ஒவ்வொரு மாதிரித் தேர்வுக்குப் பிறகும் எல்லோருடைய மதிப்பெண்ணையும் பெயரோடு பலகையில் ஒட்டுவார்கள். இதை ஊக்கம் என்று அவர்கள் உண்மையாகவே நம்புகிறார்கள். என்னுடன் படித்த பலருக்கு அந்தப் பலகைதான் "பக்கத்து மேசை" ஆனது என்பதைப் பயிற்சி நடத்துகிறவர்கள் எண்ணிப் பார்க்க வேண்டும் என்று வேண்டிக் கேட்டுக்கொள்கிறேன்.

குறிப்பேட்டால் ஆகாத நிலையும் உண்டு. வாரக்கணக்கில் தூக்கமில்லை, படிக்காத நேரத்திலும் திடீரென மூச்சு முட்டுகிறது, வாழ்ந்து என்ன பயன் என்னும் எண்ணம் வருகிறது என்றால் உடனே உதவி தேடுங்கள். 14416 என்னும் டெலி மனாஸ் (அரசின் மனநலத் தொலைபேசி உதவிச் சேவை) எண் கட்டணமில்லாதது, இருபத்து நான்கு மணி நேரமும் இயங்குவது, தமிழிலும் பேசலாம். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநல வெளிநோயாளர் பிரிவு இருக்கிறது. தேர்வை அடுத்த முறையும் எழுதலாம்.

இப்போது சான்றிதழ் சரிபார்ப்புக்கான காலம். "ஏதாவது ஒரு சான்றிதழ் விடுபட்டுவிட்டால்?" என்னும் வாக்கியம் நேற்றிரவு வந்தது. இதற்குப் பெயர் வைத்துக் கடந்துபோகக் கூடாது. இதில் செய்ய வேண்டிய வேலை இருக்கிறது. சாதிச் சான்றிதழ், தமிழ் வழியில் பயின்றதற்கான சான்றிதழ், மாற்றுச் சான்றிதழ் என்று பட்டியல் எழுதி, கையில் இருப்பவற்றை அடித்துக்கொண்டே வந்தேன். தமிழ் வழிச் சான்றிதழில் தொடக்கப் பள்ளிக்குரியது மட்டும் பாக்கி. திங்கட்கிழமை காலை தலைமையாசிரியரைப் பார்க்கப் போகிறேன்.