கொட்டாரக்கரை ராணியும் அட்டோலியா ராணியும்

குமரி மாவட்டத்தில் தக்கலைப் பக்கத்துப் பிள்ளைகள் அரண்மனைச் சதியைக் கதைப்புத்தகத்தில் போய்த் தேட வேண்டியதில்லை. ஒரு பக்கம் நடந்தால் பத்மநாபபுரம் கொட்டாரம், அதாவது அரண்மனை. மறுபக்கம் போனால் புலியூர்க்குறிச்சியில் உதயகிரிக் கோட்டை. கொட்டாரத்திலிருந்து பக்கத்துச் சாரோட்டுக் கொட்டாரத்துக்குச் சுரங்கப்பாதை போகிறது என்று சொல்லாத பாட்டி ஊரில் கிடையாது. சகோதரியின் மகனுக்கே பட்டம் போகும் மருமக்கள் வழி முறையில் தகப்பனின் அரியணை கிடைக்காமல் போன ‘தம்பிமார்’ என்ற அரசனின் மகன்கள், அவர்களுக்குத் துணைபோன எட்டுவீட்டுப் பிள்ளைமார் என்ற பிரபுக்கள், அவர்கள் கையில் சிக்காமல் நெய்யாற்றின்கரையில் பிலாமரப் பொந்துக்குள் ஒளிந்துகொண்டு பிற்பாடு திருவிதாங்கூர் அரசரான மார்த்தாண்ட வர்மா என்று எல்லாவற்றையும் சக்கைச்சுளை தின்றுகொண்டே கேட்டு வளர்ந்தவர்கள் நாம்.

கேட்ட கதையைக் கிண்டிப் பார்க்கச் சொல்லிக்கொடுத்தவர் நம் பள்ளி வரலாற்று சார். பெயர் அச்சில் வருவதை விரும்பாதவர், அதனால் எழுதவில்லை. யாரென்று உங்களுக்குத் தெரியும்.

குளச்சல் போர்ப் பாடம் வந்தபோது எங்கள் வகுப்பை உதயகிரிக்கு நடத்தியே கூட்டிக்கொண்டு போனார். கோட்டைக்குள் டிலனாயின் கல்லறை. கல்லில் லத்தீனும் தமிழும். 1741இல் குளச்சலில் பிடிபட்ட டச்சுத் தளபதி, தன்னைப் பிடித்த அரசனின் படைக்கே பயிற்சி கொடுத்து, ‘வலிய கப்பித்தான்’ (பெரிய தளபதி) என்று பெயரெடுத்து, 1777இல் இந்த மண்ணிலேயே இறந்தார் என்பது எங்களுக்குப் பெரிய அதிசயம். கல்லைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தோம். சாருக்கு அதில் அவ்வளவு ஈடுபாடு இல்லை.

“மக்களே, டச்சுக்காரன் எதற்கு இங்கே வந்தான்?”

“மிளகுக்கு, சார்.”

“மிளகு அதற்கு முன்பும்தான் இங்கே விளைந்தது. 1741இல் ஏன் படையோடு வந்தான்?”

ஒருவரும் வாய் திறக்கவில்லை. அப்போதுதான் கொட்டாரக்கரையின் இளையடத்து சுவரூபத்து ராணியைப் பற்றிச் சொன்னார். மார்த்தாண்ட வர்மா அந்தச் சிறு நாட்டைத் தன்னோடு சேர்த்துக்கொண்டார். திருவிதாங்கூர் இப்படியே வளர்ந்தால் மிளகு வணிகம் முழுவதும் ஓர் அரசன் கைக்குள் போய்விடும் என்ற கவலை இலங்கையின் டச்சு ஆளுநர் வான் இம்ஹாஃபுக்கு. ராணியின் உரிமையைக் காப்பதாகச் சொல்லி அவரை மறுபடியும் அரியணையில் அமர்த்தினார்கள். திருவிதாங்கூர்ப் படை வந்து விரட்டியது. அதற்குப் பிறகுதான் இலங்கையிலிருந்து கப்பல்கள் குளச்சலுக்கு வந்தன. பனந்தடிகளை வண்டியில் ஏற்றிப் பீரங்கி போலக் காட்டிக் கடற்கரை மக்கள் டச்சுக்காரர்களை ஏமாற்றினார்கள் என்ற கதையை நாங்கள் ஆசையாகச் சொல்ல வந்தோம். சார் கையமர்த்திவிட்டார். “அது நல்ல கதைதான். அந்த ராணி என்ன நினைத்திருப்பார், அதைச் சொல்லுங்கள்.” பாடநூலில் ராணிக்கு அரை வரிகூட இல்லை. நாங்கள் என்னத்தைச் சொல்ல?

அந்தக் கேள்வி இத்தனை காலம் கழித்து மஸ்கட்டில் என் முன்னால் வந்து நின்றது. மகள் பள்ளி நூலகத்திலிருந்து ஒரு நாவல் எடுத்து வந்திருந்தாள். மேகன் வேலன் டர்னர் 2000இல் எழுதிய ‘தி குயின் ஆஃப் அட்டோலியா’. இளையோருக்கான கற்பனை நாவல் என்றதும் மந்திரக்கோலும் பறக்கும் பாம்பும் இருக்கும் என்று நினைத்துத்தான் புரட்டினேன். அவை எதுவும் இல்லை. பழைய கிரேக்க நாட்டைப் போன்ற நிலம், அங்கே துப்பாக்கியும் பீரங்கியும்; சூனிஸ், எட்டிஸ், அட்டோலியா என்று ஒன்றையொன்று நம்பாத மூன்று சிறு நாடுகள்; கடலுக்கு அப்பால் மூன்றையும் விழுங்கக் காத்திருக்கும் மீட் பேரரசு. தெய்வங்கள் உண்டு, ஆனால் நம் ஊர் மாடன்களைவிடக் குறைவாகவே தலையிடுகிறார்கள்.

நாயகன் யூஜெனிடிஸ் எட்டிஸ் அரசியின் திருடன். அங்கே திருடன் என்பது அரசாங்கப் பதவி. தாய்வழிப் பாட்டனிடமிருந்து அவனுக்கு வந்தது. (நம் பக்கத்தில் இப்படி ஒரு பதவியைத் தனியாக ஏற்படுத்தத் தேவை வரவில்லை.) அட்டோலியாவின் அரண்மனைக்குள் நுழைந்து பிடிபடுகிறான். அந்த நாட்டு ராணி அவனுடைய வலது கையை வெட்டிவிடச் சொல்கிறாள். நாவலின் தொடக்கத்திலேயே இது நடந்துவிடுகிறது. திருடனுக்குக் கை போனால் மிச்சம் என்ன? புத்தகங்களுக்கு நடுவே முடங்கிக் கிடக்கிறான். வெளியே மூன்று நாடுகளும் போரில் இறங்குகின்றன.

என்னைப் பிடித்துக்கொண்டது ராணிதான். மண நாள் விருந்தில் மணமகனுக்கே விஷம் வைத்து ஆட்சிக்கு வந்தவள். பிரபுக்களில் ஒருவனையும் நம்ப முடியாதவள். பக்கத்திலேயே மீட் பேரரசின் தூதன் நகுசரெஷ் இனிக்க இனிக்கப் பேசிக்கொண்டு நிற்கிறான். பொன்னும் படையும் தருகிறேன் என்கிறான். அந்தப் பக்கங்களைப் படிக்கும்போது எனக்கு வான் இம்ஹாஃபைத் தவிர வேறு யாரும் தெரியவில்லை. கொட்டாரக்கரை ராணி தோற்றுக் கொச்சிக்குப் போய் டச்சுக்காரர் நிழலில் வாழ்ந்தார். அட்டோலியா அந்த நிழலுக்குள் நின்றபடியே தூதனை அளந்து பார்க்கிறாள். அவனுடைய அழகில் மயங்கியவள் போல நடித்து, வாங்க வேண்டியதை வாங்கிக்கொண்டு அவனை வழியனுப்புகிறாள். அவன் பெண்ணைக் குறைத்து மதிப்பிட்டான். வான் இம்ஹாஃபுக்கு அப்படி ஒரு ராணி வாய்த்திருந்தால் குளச்சல் கடற்கரைக்கு வேலையே இருந்திருக்காது என்று தோன்றியது. சாருக்கு எழுதித் தர வேண்டிய பதில் இதுதானோ என்னவோ.

குறையும் உண்டு. கையை வெட்டியவளையே அந்தத் திருடன் காதலித்து மணக்கிறான். ஆசிரியர் எவ்வளவு சாமர்த்தியமாகக் கொண்டுபோனாலும் எனக்கு அது தொண்டையில் இறங்கவில்லை. மகளிடம் சொன்னேன். “அப்பா, டிலனாய் மட்டும் தன்னைத் தோற்கடித்த நாட்டுக்கு முப்பத்தைந்து வருடத்துக்கு மேல் வேலை பார்க்கலாமா?” என்று கேட்டாள். உதயகிரிக் கதையை அவளுக்குச் சொன்னதே நான்தான். காதலும் உத்தியோகமும் ஒன்றா என்று மட்டும் கேட்டுவிட்டுப் பேச்சை மாற்றினேன்.

நம் பழைய மாணவர் சங்கம் ஊரில் நம் பள்ளி நூலகத்துக்கு இந்த வருடம் நூல்கள் அனுப்புவதாகக் கேள்வி. பட்டியலில் இந்த வரிசையையும் சேருங்கள். 1996இல் வந்த ‘தி தீஃப்’ முதலில். அதைப் படிக்காமல் இரண்டாவதைத் தொட்டால் பாதிச் சுவை போய்விடும். 2020இல் வந்த கடைசி நாவல்வரை மொத்தம் 6. ஆங்கிலம் எளிதுதான், ஆனால் யார் மனத்தில் என்ன ஓடுகிறது என்பதை ஆசிரியர் லேசில் சொல்லிவிட மாட்டார், பிள்ளைகள் பொறுமையாகப் படிக்க வேண்டும். கை வெட்டும் இடம் கடுமையானது. எட்டாம் வகுப்புக்குக் கீழே கொடுக்க வேண்டாம். ஆறுக்கும் பணம் நான் தருகிறேன். அலமாரியைப் பூட்டிச் சாவியை யாரும் வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போய்விடாமல் இருக்க, ஊரில் இருப்பவர்கள் தலைமையாசிரியரிடம் ஒரு வார்த்தை பேசிவையுங்கள்.