நானா இருந்தா ஓட்ட மாட்டேன்

நான் சொன்னது அவ்வளவுதான். ஓட்டாதே என்று சொல்லவில்லை, ஓட்டலாம் என்றும் சொல்லவில்லை. கேட்டவன் மேடு தாவி ஓடும் மோட்டோகிராஸ் பைக் ஓட்டுகிற பையன், நான் மெக்கானிக். மறுநாள் அவனுக்குப் பந்தயம். ஆயில் மாற்றத்தான் வந்திருந்தான். ஆயில் ஃபில்டரைப் பார்த்ததும் முகம் விழுந்துவிட்டது. "ஓட்டலாமா வேணாமாண்ணா? அத மட்டும் சொல்லுங்க" என்றான். அதற்குத்தான் இந்தப் பதில்.

ஃபில்டரை வெட்டி மடிப்புகளை விரித்துப் பார்ப்பது என் வழக்கம். ஆயிலை வடிக்கக் கழற்றும் டிரெய்ன் போல்ட்டின் காந்தத்தில் சாம்பல் நிறத்தில் மசி படிந்திருந்தால் நான் கண்டுகொள்வதில்லை. கியர்ப் பற்கள் தேய்ந்து வரும் தூள் அது, விரலில் தேய்த்தால் நெருடாது. நெருடினால்தான் யோசிக்க வேண்டும். இந்த வண்டியில் காந்தத்தில் அந்த மசி மட்டும்தான். ஆனால் ஃபில்டர் மடிப்புகளில் செதில் செதிலாக மினுமினுப்பு. அதன்மேல் காந்தத்தைக் காட்டினேன், அசையவில்லை. ஆக, இரும்பு இல்லை. பெரும்பாலும் அலுமினியம். பிஸ்டனாக இருக்கலாம், வால்வைத் திறக்கும் கேம் ஷாஃப்ட் உட்காரும் இடமாக இருக்கலாம், கிளட்ச் பிளேட்டுகளைத் தாங்கும் கூடையான கிளட்ச் பாஸ்கெட்டாகவும் இருக்கலாம்.

இன்ஜின், கியர், கிளட்ச் மூன்றுக்கும் ஒரே ஆயில், அதுவும் சுமார் ஒரு லிட்டர். கியருக்குத் தனி ஆயில் வைத்த மாடல்களும் உண்டு, இது அந்த வகை இல்லை. ஃப்ரிக்‌ஷன் மாடிஃபையர், அதாவது உராய்வைக் குறைக்கும் சரக்கு, சேர்ந்த கார் ஆயிலை ஊற்றாதே, கிளட்ச் வழுக்கும், டப்பாவில் ஜாசோ எம்ஏ2 என்ற பைக் ஆயில் தரக்குறி பார்த்து வாங்கு என்று எல்லோரும் பாடம் சொல்வார்கள். அதே கிளட்ச் உதிர்க்கிற தூள் ஆயிலோடு சேர்ந்து எங்கெல்லாம் போகும் என்ற பேச்சு மட்டும் அபூர்வம். எல்லாம் கலந்த பிறகு, எது எங்கிருந்து வந்தது என்று ஆயிலைப் பார்த்துச் சொல்ல முடியாது.

அவன் ஓட்டவில்லை. பந்தயம் முடிந்த பிறகு இன்ஜினைப் பிரித்தோம். பிஸ்டன் நன்றாக இருந்தது. கேமும் அப்படியே. கிளட்ச் பாஸ்கெட்டின் விரல்களில் மட்டும், பிளேட் காதுகள் இடித்து இடித்துப் பள்ளம் விழுந்திருந்தது. கிளட்ச் கொஞ்சம் திக்கித் திக்கிப் பிடித்திருக்கும், அவ்வளவுதான். பந்தயத்தை முடித்துவிட்டே வந்திருக்கலாம்.

கிளட்ச் கவரைக் கழற்றிப் பார்ப்பது ஒன்றும் பெரிய வேலை இல்லை. ஆயில் வேறு ஏற்கெனவே வடித்தாயிற்று. அன்றைக்கே கழற்றியிருந்தால் பள்ளம் கண்ணில் பட்டிருக்கும். சரி, பட்டிருந்தால்? செதில் முழுக்க அங்கிருந்துதான் வந்தது என்று அடித்துச் சொல்லியிருப்பேனா? ஒரு திருடன் அகப்பட்டான் என்பதற்காக வீட்டில் இன்னொருவன் ஒளிந்திருக்கவில்லை என்று ஆகிவிடுமா? இந்த 250 சிசி ஃபோர் ஸ்ட்ரோக் நிமிடத்துக்கு 13,000 சுற்றுக்கு மேல் போகும். அந்த வேகத்தில் பிஸ்டன் உடைந்து இன்ஜின் இறுகினால், கிளட்சைப் பிடிக்க நேரம் இருக்காது, பின்சக்கரம் பூட்டிக்கொள்ளும். ஜம்ப் ஏறுகிற இடத்தில் அது நடந்தால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும், அவனுக்கும் தெரியும். இன்றைக்கு அதே ஃபில்டரை யாராவது நீட்டினாலும் எனக்கு அதே பயம்தான் வரும்.

இப்படி நியாயம் சொல்லிக்கொண்டு போகலாம். ஆனால் 'நானா இருந்தா' என்று ஏன் ஆரம்பித்தேன்? நான் பந்தயம் ஓட்டுகிற ஆளே இல்லை. ஓட்டாமல் இருப்பதால் எனக்கு எந்த நஷ்டமும் கிடையாது. வண்டி அவனுடையது, உடம்பு அவனுடையது, முடிவும் அவனுடையதாக இருக்கட்டும் என்ற மரியாதையில்தான் அப்படிப் பேசினேன் என்று ரொம்ப நாள் நம்பிக்கொண்டிருந்தேன். இருக்கலாம். ஓட்டி ஏதாவது ஆகியிருந்தால் 'நான்தான் அப்பவே சொன்னேனே' என்று சொல்லிக்கொள்ளவும் அதே வாக்கியம் வசதியாக இருந்திருக்கும். ஒரு மெக்கானிக்கின் வாயிலிருந்து அப்படி ஒரு பதில் வந்த பிறகு அவன் எதை முடிவு செய்ய மிச்சம் இருந்தது?

கூட வேலை பார்க்கிறவர், "உசிரக் காப்பாத்திட்டே, விடு" என்றார். எதிலிருந்து காப்பாற்றினேன்? கிளட்ச் பாஸ்கெட்டிலிருந்தா?

அவன் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நானும் நாலு வார்த்தை பதில் சொல்லித் தீர்த்திருப்பேன். இப்போது ஆயிலை அவனே மாற்றிக்கொள்கிறான். சூடாக்கி வடிக்கிறான், ஃபில்டரைத் திருப்பிப் போடாமல் பார்த்துப் போடுகிறான், ஏர் ஃபில்டர் ஸ்பாஞ்சைக் கழுவி எண்ணெய் தடவாமல் வண்டியை வெளியே எடுப்பதில்லை. போன வாரம் டிரெய்ன் போல்ட்டைப் படம் எடுத்து அனுப்பியிருந்தான். "இது ஓகேவாண்ணா?" சாம்பல் மசிதான். நடுவில் இரண்டு புள்ளி பளபளத்த மாதிரி இருந்தது, ஃபிளாஷ் வெளிச்சமாகவும் இருக்கலாம். முன்பென்றால் துடைத்துவிட்டு இன்னொரு படம் அனுப்பச் சொல்லியிருப்பேன். "ஒண்ணுமில்ல, ஓட்டு" என்று உடனே பதில் போட்டேன்.