இரண்டே ஸ்லாட் உள்ள மேசைக்கணினியில் ரேமைக் கூட்டுவது

என்னுடைய மேசைக்கணினி இன்டெல் ஐ5-8400 பிராசசரும் எச்310 மதர்போர்டும் கொண்டது. வாங்கியபோது அதில் 8 ஜிபி டிடிஆர்4 ரேம் ஒரே ஸ்டிக்காக இருந்தது. பிரவுசரும் ஒளிப்படத் திருத்தமும் மட்டுமே வேலையாக இருந்தவரை அதுவே போதுமானதாக இருந்தது. கணினிக்குள் இன்னொரு கணினியைப்போல் இயங்கும் வர்ச்சுவல்பாக்ஸ் நிரலில் லினக்ஸையும் சேர்த்து ஓட்டத் தொடங்கிய பிறகுதான், ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாறுவதற்கே காத்திருக்க வேண்டிய நிலை வந்தது.

கணினி மந்தமானால் உடனே ரேமைக் குறை சொல்வது வழக்கமாகிவிட்டது. பழைய ஹார்ட் டிஸ்கில் விண்டோஸ் ஓடிக்கொண்டிருந்தால், ரேமுக்குச் செலவிடும் பணத்தில் முதலில் அதைவிட வேகமான சேமிப்பகமான எஸ்எஸ்டி வாங்குவதே நல்லது. எஸ்எஸ்டி ஏற்கெனவே இருக்கிறது என்றால், வழக்கமான வேலைகள் அனைத்தையும் திறந்து வைத்துக்கொண்டு டாஸ்க் மேனேஜரின் மெமரி பகுதியைப் பார்க்க வேண்டும். அங்கே ‘இன் யூஸ்’ என்பதைவிட ‘கமிட்டட்’ என்பதன் கீழுள்ள முதல் எண்ணையே நான் நம்புகிறேன். நிரல்களுக்கு விண்டோஸ் ஒதுக்குவதாக ஒப்புக்கொண்ட மொத்த அளவு அது. என் கணினியில் அது 8 ஜிபியை எப்போதும் தாண்டியே நின்றது. ‘கேஷ்டு’ என்று காட்டும் அளவைப் பார்த்து மட்டும் கவலைப்பட வேண்டாம். தேவைப்பட்டவுடன் விட்டுக்கொடுக்கப்படும் இடம்தான் அது.

அதே பக்கத்தில் ரேமின் வேகமும், ரேம் ஸ்டிக் செருகும் எத்தனை ஸ்லாட்டுகளில் எத்தனை நிரம்பியுள்ளன என்பதும் தெரியும். எனக்கு 2400 என்றும், இரண்டில் ஒன்று என்றும் காட்டியது. என்ன வாங்குவது என்ற முடிவு முழுவதும் இந்த ‘இரண்டில் ஒன்று’ என்பதில்தான் அடங்கியிருந்தது. இன்னொரு 8 ஜிபி வாங்கினால் 16 ஜிபி கிடைக்கும், ஆனால் ஸ்லாட்டுகள் தீர்ந்துவிடும். பிறகு 32 ஜிபி வேண்டுமென்றால் இரண்டு ஸ்டிக்குகளையும் கழற்றிவிட்டு, புதிதாக இரண்டு வாங்க வேண்டும். அதனால் 16 ஜிபி ஸ்டிக் ஒன்றையே வாங்கிப் பழைய 8 ஜிபியோடு சேர்த்து 24 ஜிபியாக வைத்திருக்கிறேன்.

சமமில்லாத ஸ்டிக்குகளைச் சேர்த்தால் டூயல் சேனல் (பிராசசர் இரண்டு ஸ்டிக்குகளோடும் ஒரே நேரத்தில் தரவு பரிமாறும் முறை) கிடைக்காது என்று கடைகளில் சொல்வது பாதி உண்மைதான். இன்டெல் பிராசசர்களில் ஃப்ளெக்ஸ் மோடு என்ற ஏற்பாடு உண்டு: இரண்டு ஸ்டிக்குகளிலிருந்தும் எட்டெட்டு ஜிபி சேர்ந்து டூயல் சேனலில் இயங்கும், மிஞ்சிய 8 ஜிபி மட்டும் ஒற்றைச் சேனலில் இருக்கும். 2400 வேகத்தில் ஒரு சேனல் நொடிக்கு 19.2 ஜிபி வரை கடத்தக்கூடியது. இரண்டு சேர்ந்தால் 38.4 ஜிபி. தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாமல் பிராசசருக்குள்ளேயே உள்ள கிராபிக்ஸை நம்பியிருப்பவர்களுக்கு இந்த வேறுபாடு நன்றாகவே தெரியும், ஏனென்றால் அதுவும் இதே ரேமைத்தான் பங்கு போட்டுக்கொள்கிறது.

கடையில் கிடைத்தது 3200 வேக ஸ்டிக். இந்தப் பிராசசரும் போர்டும் 2666-க்கு மேல் போகாது. பழைய ஸ்டிக் 2400 என்பதால் இரண்டும் 2400-லேயே ஓடுகின்றன. அதில் இழப்பு ஒன்றுமில்லை. வேறு தலைமுறையான டிடிஆர்3, டிடிஆர்5 ஸ்டிக்குகளைத் தவறிப்போய் வாங்கினால்தான் வம்பு; ஸ்டிக்கின் அடிவிளிம்பில் வெட்டு இருக்கும் இடமே வேறு என்பதால் அவை ஸ்லாட்டில் அமராது.

பொருத்துவது சில நிமிட வேலைதான். மின்கம்பியைக் கழற்றியபின் பவர் பொத்தானை ஒருமுறை அழுத்தி மிச்ச மின்சாரத்தை வெளியேற்றிவிட்டு, கேபினட்டின் உலோகப் பகுதியைத் தொட்டுக்கொண்டு, வெட்டைப் பொருத்திப் பார்த்து, இருபுறமும் சமமாக அழுத்தினால் கிளிப் ‘டிக்’ என்று பூட்டிக்கொள்ளும். நான்கு ஸ்லாட் உள்ள போர்டாக இருந்தால் இரண்டு ஸ்டிக்குகளைப் பெரும்பாலும் பிராசசரிலிருந்து எண்ணி இரண்டாவதிலும் நான்காவதிலும் போட வேண்டும். போர்டின் கையேட்டைப் பார்த்து உறுதிசெய்துகொள்வது நல்லது. முதல்முறை திரை வரச் சற்றுத் தாமதமானால் பதறி அணைத்துவிட வேண்டாம். புதிய ரேமுக்கு ஏற்பப் போர்டு தன்னைச் சரிசெய்துகொள்ளும் நேரம் அது. அன்றிரவே ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86+ நிரலை ஓடவிட்டேன். அதில் ஒரே ஒரு பிழை காட்டினாலும், வாரண்டி இருக்கும்போதே ஸ்டிக்கை மாற்றிக்கொள்ள வேண்டும் என்பது என் கருத்து.

சிறிய எஸ்எஸ்டி வைத்திருப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். விண்டோஸின் ஹைபர்னேஷன் கோப்பு (கணினியை அணைக்கும் முன் ரேமில் உள்ளதை எழுதி வைக்கும் கோப்பு) வழக்கமாக ரேமின் அளவில் ஏறக்குறைய 40 சதவீதத்தை எடுத்துக்கொள்வதால், 24 ஜிபிக்கு அது 9 ஜிபியைத் தாண்டிவிடும். ஹைபர்னேஷனை அணைத்து அந்த இடத்தை மீட்கலாம், ஆனால் அதோடு கணினியை விரைவாகத் தொடங்கவைக்கும் ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்பும் போய்விடும். எஸ்எஸ்டியில் அது பெரிய இழப்பாக எனக்குத் தெரியவில்லை, அணைத்துவிட்டேன்.