எந்தக் கை?

குடிநோய் மறுவாழ்வு மையத்தில் ஆலோசகராக இருப்பவளுக்கு, நோயாளியைவிட அவரைக் கூட்டிவருபவரிடம்தான் அதிக நேரம் போகும். பெரும்பாலும் அண்ணன். “எவ்வளவு செலவானாலும் சரி மேடம், நான் என்ன பண்ணணும்னு மட்டும் சொல்லுங்க.” அடுத்ததாக அவரே ஒரு வழியும் சொல்வார்: “சேர்க்கை சரியில்ல. ஊர் மாத்திவிட்டா சரியாயிடுவான்.”

இதைக் கேட்கும்போதெல்லாம் ராபர்ட் ரெட்ஃபோர்ட் 1992-இல் எடுத்த ‘எ ரிவர் ரன்ஸ் த்ரூ இட்’ படம் ஞாபகம் வரும். நார்மன் மக்லீன் தன் குடும்பத்தை வைத்து எழுதிய கதை. அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்து மிசூலாவில் ஒரு பாதிரியார், மகன்கள் இருவருக்கும் தாளம் தட்டும் கருவியான மெட்ரோனோமை ஓடவிட்டுத் தூண்டில் வீசப் பழக்குகிறார். நாலு தட்டுத் தாளம். கடிகாரத்தில் பத்து மணிக்கும் இரண்டு மணிக்கும் நடுவில்தான் கோல் அசைய வேண்டும். மூத்தவன் நார்மன் சொன்னபடி கேட்கிறான். இளையவன் பால் அந்தத் தாளத்தை மீறித் தனக்கென்று ஒரு வீச்சைக் கண்டுபிடிக்கிறான். ஆற்றில் அவனுக்கு ஈடு கிடையாது. கரையேறினால் குடி, சூதாட்டக் கடன், அடிதடி. (பாலாக நடித்த பிராட் பிட்டின் அழகில் இதெல்லாம் கண்ணில் படாமல் போனவர்களும் உண்டு.)

படத்தில் இன்னொரு குடிகாரனும் இருக்கிறான்: நார்மனின் காதலி ஜெஸ்ஸியின் சகோதரன் நீல். வீடே அவனைத் தாங்குகிறது, ஒரு பலனும் இல்லை. பாலோ யாரையும் எதுவும் கேட்பதில்லை. எங்களோடு சிகாகோவுக்கு வந்துவிடு என்று அண்ணன் கூப்பிட்டும், மொன்டானாவை விட்டு வரமாட்டேன் என்கிறான். கொஞ்ச நாளில் அடித்துக் கொல்லப்படுகிறான்.

படம் மாற்றிக்கொண்ட விஷயம் ஒன்று உண்டு. நிஜப் பால் 1938-இல் செத்தது மொன்டானாவில் அல்ல, அண்ணன் இருந்த சிகாகோவிலேயே. ஊர் மாற்றச் சொல்லும் அண்ணன்களிடம் இதை நான் சொல்வதில்லை. சொல்லி என்ன ஆகப்போகிறது?

தம்பியின் கை எலும்புகள் அநேகமாக எல்லாமே நொறுங்கியிருந்தன என்று நார்மன் வந்து சொல்லும்போது, அப்பா கேட்பது ஒன்றுதான்: எந்தக் கை? வலது கை. தூண்டில் வீசிய கை. மகனின் கடனையோ குடியையோ பற்றி அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

எங்கள் சேர்க்கைப் படிவத்தில் எத்தனை வருடக் குடி, ஒரு நாளைக்கு எவ்வளவு, கடைசியாக எப்போது என்று கட்டங்கள் இருக்கின்றன. அவற்றை நிரப்பி முடித்ததும், “உங்க தம்பிக்கு எந்த வேலை நல்லா வரும்?” என்று அண்ணனிடம் கேட்பேன். சிலர் யோசிக்கிறார்கள். சிலர் நிறுத்தாமல் பேசுகிறார்கள். அதற்குக் கட்டம் இல்லாததால் படிவத்தின் ஓரத்தில் எழுதிக்கொள்கிறேன்.