மாத்திரை இளைக்கும், கொழுக்காது

18-ஆம் மாத ரிசல்ட்டை எடுத்துக்கொண்டு சாரின் மேசைக்குப் போனபோது எனக்கு உள்ளூரச் சந்தோஷம். ரபெப்ரசோல் மாத்திரை, 20 மில்லிகிராம். அட்டையில் சொன்ன அளவோடு ஒப்பிட்டால் உள்ளே மருந்து 100.3 சதவீதம். ஒன்றரை வருடம் சேம்பரில் வெந்த பிறகும் இப்படி நிற்கிறதே என்று நானே தயாரித்தது போல ஒரு பெருமை. சார் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, பழைய எண்களின் மேல் விரலை நகர்த்திக்கொண்டே வந்தார். 99.8, 99.5, 99.1, 98.8, 98.4. விரல் என் எண்ணில் வந்து நின்றது.

"என்னம்மா, மாத்திரை இளைக்கும், பார்த்திருக்கேன். கொழுக்குமா?"

சென்னைக்குத் தெற்கே ஒரு மருந்துத் தொழிற்சாலை. மருந்து எவ்வளவு காலம் கெடாமல் நிற்கும் என்று பார்க்கும் ஸ்டெபிலிட்டி பிரிவில் நான் சேர்ந்து அப்போது ஒரு வருடம்கூட ஆகியிருக்கவில்லை. மற்ற பிரிவுகளில் வேலை என்றால் ஓட்டம். எங்கள் பிரிவில் வேலை என்றால் காத்திருப்பு. மாத்திரையைக் கடைக்குப் போகும் அதே பேக்கிங்கில் சேம்பருக்குள் வைப்போம். அறை அளவுக்குப் பெரிய பீரோ என்று நினைத்துக்கொள்ளுங்கள். ஒன்றில் 25 டிகிரி, 60 சதவீத ஈரப்பதம். ஐரோப்பா மாதிரி மிதமான ஊர்களுக்கு அது. இன்னொன்றில் 30 டிகிரி, 75 சதவீதம். வியர்த்து ஒழுகும் ஊர்களுக்கு. மூன்றாவதில் 40 டிகிரி, 75 சதவீதம். அங்கே ஆறு மாதம் வைத்தால் காலத்தைக் கொஞ்சம் முன்னால் தள்ளிப் பார்க்கலாம். 3, 6, 9, 12, 18, 24, 36 என்று மாதக் கணக்கு வைத்து ஒவ்வொரு தவணையிலும் சில ஸ்ட்ரிப்பை வெளியே எடுத்துச் சோதிப்போம். அட்டையில் அச்சடிக்கிற எக்ஸ்பயரி தேதி இந்தக் காத்திருப்பிலிருந்துதான் வருகிறது.

ரபெப்ரசோல் எங்கள் பிரிவில் செல்லப்பிள்ளை, தொல்லைப்பிள்ளையும் அதுதான். நம் ஊரில் 'கேஸ் மாத்திரை' என்று வாங்கும் வகையைச் சேர்ந்தது. அமிலத்தைக் குறைக்க வந்த மருந்துக்கு அமிலமே ஆகாது. அமிலத்தில் பட்டால் நிமிடக் கணக்கில் சிதைந்துவிடும். அதனால் வயிற்றைத் தாண்டிக் குடலில் கரையும்படி மேலே ஒரு பூச்சு. வேடிக்கை என்னவென்றால், அந்தப் பூச்சே சற்று அமிலத்தன்மை உள்ளது. பகையாளியைச் சட்டையாகப் போட்டுக்கொண்ட கதை. எனவே மருந்துக்கும் சட்டைக்கும் நடுவில் பனியன் மாதிரி இன்னொரு பூச்சு. உள்ளே காரத்தன்மைக்காக மெக்னீசியம் ஆக்சைடு. இவ்வளவும் செய்தபின் கொஞ்சம் ஈரம் உள்ளே போனால் போதும், பூச்சிலிருக்கும் அமிலத்துக்குப் பாதை கிடைத்துவிடும், மாத்திரை பழுப்பேற ஆரம்பிக்கும். அதற்காகத்தான் முன்னும் பின்னும் அலுமினியம் வைத்த அலு-அலு பேக்கிங். விலை அதிகம். "சாதாரண பிளாஸ்டிக் பிளிஸ்டரில் போட்டால் என்ன?" என்று கொள்முதல் ஆட்கள் வருடத்துக்கு ஒருமுறையாவது கேட்பார்கள். சார் பதில் சொல்ல மாட்டார். 40 டிகிரி சேம்பரில் பிளிஸ்டரில் வைத்த மாத்திரையை எடுத்துக் காட்டுவார். காபிப்பொடி நிறம்.

சரி, என் 100.3-க்கு வருகிறேன். சார் அடுத்துக் கேட்டது அசுத்தங்களின் கணக்கு. எச்பிஎல்சி என்பது கலவையைப் பிரித்து, எது எவ்வளவு என்று வரைந்து காட்டும் கருவி. அதில் புது மாத்திரையை ஓட்டினால் ஒரே ஒரு பெரிய பீக் கோபுரம் மாதிரி நிற்கும். நாளாக ஆக, அதன் பக்கத்தில் குட்டிக் குட்டியாக முளைக்கும். அவைதான் சிதைந்த மருந்து. ஆரம்பத்தில் அவை எல்லாம் சேர்ந்து 0.2 சதவீதம், 12-ஆம் மாதம் 1.4, இப்போது 1.9. குட்டிகள் கூடியிருக்கின்றன, தாயும் கூடியிருக்கிறாள். "ரெண்டையும் கூட்டு" என்றார். 102.2. இல்லாத மருந்து எங்கிருந்து வந்தது?

தவறு மாத்திரையில் இல்லை, ஸ்டாண்டர்டில். மாத்திரையில் எவ்வளவு மருந்து இருக்கிறது என்பதை, தூய்மை தெரிந்த ஒரு பொடியோடு ஒப்பிட்டுத்தான் சொல்கிறோம். ரபெப்ரசோல் சோடியம் ஈரத்தை உறிஞ்சும் பொடி. அந்தக் குப்பி ஃபிரிட்ஜில் இருக்கும். வெளியே எடுத்தால் டெசிகேட்டர் என்ற ஈரம் புகாத ஜாடியில் வைத்து, அறைச் சூட்டுக்கு வந்த பிறகுதான் திறக்க வேண்டும். அன்றைக்கு நவம்பர் மழை, கம்பெனி பஸ் ஐந்தரைக்கு. சில்லென்றிருந்த குப்பியை அப்படியே திறந்தேன். பிரிட்ஜிலிருந்து எடுத்த சொம்பில் வியர்ப்பது போல உள்ளே வியர்த்திருக்கும், நான் பார்க்கவில்லை. பொடியோடு தண்ணீரையும் சேர்த்து எடை போட்டேன். ஸ்டாண்டர்ட் கரைசலில் மருந்து குறைந்தது, ஒப்பிட்டபோது மாத்திரை கொழுத்தது. ஈரத்தால் மருந்து என்ன ஆகிறது என்று பார்ப்பதற்குச் சம்பளம் வாங்குகிற நான், ஈரத்திடமே ஏமாந்தேன்.

புதுக் குப்பியை முறைப்படி திறந்து மறுபடி ஓட்டினோம். 97.7. வரிசையில் ஒழுங்காகப் போய் உட்கார்ந்தது. பழைய எண்ணை அடித்துவிடலாமா என்று கேட்டேன். அதற்குத்தான் நிஜமாகத் திட்டு விழுந்தது. 100.3 இன்றைக்கும் அந்தக் கோப்பில், காரணத்தோடும் என் கையெழுத்தோடும் இருக்கிறது.

அதற்கப்புறம் நல்ல ரிசல்ட் வந்தால்தான் எனக்கு வயிற்றைக் கலக்கும். கெட்ட ரிசல்ட்டை எல்லாரும் துருவுவார்கள். நல்லதை யாரும் தொடமாட்டார்கள்.

2016 டிசம்பர் 12, வர்தா புயல். மரங்கள் சாய்ந்து கரண்ட் போனது. ஜெனரேட்டருக்கு இருந்த டீசலை எந்தச் சேம்பருக்குக் கொடுப்பது என்று பெரிய விவாதம். ஊரே குளிரில் நடுங்கிக்கொண்டிருக்க, ஒரு பெட்டி போதுமான சூடாக இல்லையே என்று கவலைப்பட்டது நாங்கள் மட்டும்தான் என்று நினைக்கிறேன். 40 டிகிரி சேம்பர் ஆறிக்கொண்டே வந்தது. கதவைத் திறக்காதே என்று ஒரு பையனைக் காவலுக்கு நிறுத்தினார் சார். இரண்டு டிகிரிக்கு மேல் விலகி 24 மணி நேரம் தாண்டினால் அதையும் அறிக்கையில் எழுதி, மாத்திரைக்கு என்ன ஆனது என்று ஆராய வேண்டும். தாண்டியது. எழுதினோம்.

ஆனால் எழுதுவதற்கும் தெரிந்தால்தானே? ரானிடிடின் விஷயம் அதைத்தான் உறுத்துகிறது. அதுவும் அமிலத்தைக் குறைக்கும் மாத்திரைதான், பல வருடம் கையாண்டது. ஈரம் பட்டால் நிறம் மாறும் என்று தெரியும், அசுத்தங்களின் பட்டியல் மனப்பாடம். 2019-இல் அதில் என்டிஎம்ஏ என்ற, புற்றுநோயை உண்டாக்கக்கூடிய பொருள் இருக்கிறது என்று செய்தி வந்தது. ரானிடிடின் மூலக்கூறே சிதைந்து அதைத் தருகிறது, சூட்டில் வைக்க வைக்க அது கூடுகிறது என்று பிறகு தெரிந்தது. 2020 ஏப்ரலில் அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ எல்லா ரானிடிடினையும் சந்தையிலிருந்து எடுக்கச் சொன்னது. என்டிஎம்ஏவுக்கு ஒரு நாளைக்கு ஏற்கத்தக்க அளவு 96 நானோகிராம். எங்கள் எச்பிஎல்சியில் அதெல்லாம் கண்ணில் படவே படாது. எத்தனை எச்பிஎல்சி வரைபடத்தில் 'இணங்குகிறது' என்று கையெழுத்துப் போட்டிருப்பேன்! பொய்க் கையெழுத்து இல்லை. நாங்கள் தேடியது எதுவும் அங்கே இல்லை, அவ்வளவுதான்.

இதையெல்லாம் விட எனக்குத் தோல்வி வீட்டில்தான். அத்தைக்கு அதே ரபெப்ரசோல், தினமும் காலையில் ஒன்று. ஞாயிறு முதல் சனி வரை கட்டம் போட்ட பிளாஸ்டிக் டப்பாவில் மாத்திரைகளை அட்டையிலிருந்து பிதுக்கி நிரப்பி, அடுப்புக்குப் பக்கத்து அலமாரியில் வைத்திருந்தார். மூன்று கட்டத்தில் மாத்திரை ஓரத்தில் பழுப்பு. அலுமினியம், பனியன், சட்டை எல்லாவற்றையும் சொன்னேன். எக்ஸ்பயரி தேதி அட்டைக்குள் இருக்கும் வரைதான், பிதுக்கிய நிமிடத்திலிருந்து எங்கள் கணக்கு அதற்குப் பொருந்தாது என்றேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

அடுத்த முறை போனபோது டப்பாவில் அலுமினியம் மின்னியது. கத்தரிக்கோலால் அட்டையை ஒவ்வொரு குழியாக வெட்டி, மாத்திரையைப் பிதுக்காமல் அப்படியே போட்டிருந்தார். எனக்கு ஒரே சந்தோஷம். ஒரு துண்டை எடுத்துத் திருப்பிப் பார்த்தேன். தேதி இல்லை. ஏழு துண்டிலும் இல்லை. அது அச்சடித்திருந்த ஓரத்தை வெட்டிக் குப்பையில் போட்டாயிற்று.

"எக்ஸ்பயரி எங்கே அத்தை?"

"என்னைக் கேக்கறியே. நீதானேடி அதைப் போடறே?"