கூண்டு கழுவுகிற அக்கா சொன்னால் சரி

கல்லூரியில் வைத்தியம் கற்றபோது மேசைமேல் விலங்கு, எதிரே அதன் சொந்தக்காரர். எப்போதிருந்து வாந்தி, கடைசியாக என்ன தின்றது என்று கேட்டால் பதில் சொல்ல ஆள் இருக்கும். சென்னைப் புறநகரில் ஒரு நாய்க் காப்பகத்துக்கு வேலைக்கு வந்ததும் முதலில் காணாமல் போனவர் அந்தச் சொந்தக்காரர்தான். சாக்கில் கட்டி வாசலில் வைத்துவிட்டுப் போன குட்டிகளின் கதையை யாரிடம் கேட்பது?

இங்கே பதில் சொல்கிறவர் கூண்டு கழுவுகிற அக்கா. "டாக்டர், கறுப்பன் ராத்திரி சோற்றை மோந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டான்" என்பார். போய்க் கீழுதட்டை விலக்கினால் ஈறு வெளுத்திருக்கும்; காது மடிப்பில் உண்ணி அப்பிக் கிடக்கும். ரத்தப் பரிசோதனை முடிவு வருவது பிறகுதான்.

காலைச் சுற்றில் நலமாக இருக்கிற குட்டிகளைத்தான் முதலில் பார்ப்பேன். ரத்தமாய்க் கழிந்துகொண்டிருப்பது கடைசி. பார்க்க வருகிறவர்களுக்கு இது கல்நெஞ்சமாகத் தெரியும். அந்தக் குட்டிக்கு டிரிப் ஏற்றச் சொல்லிவிட்டுத்தான் மற்றவற்றிடம் போகிறேன் என்பது அவர்கள் கண்ணில் படுவதில்லை. குட்டிகளுக்கு இந்த ரத்தக் கழிச்சலைத் தருகிற பார்வோ வைரஸ் மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும். என் கையிலும் செருப்பிலும் ஏறி அடுத்த கூண்டுக்குப் போகும். பினாயிலுக்கெல்லாம் அது மசியாது. கழிவை வழித்தெடுத்து, சோப்புப் போட்டுக் கழுவி, அதன்பின் பிளீச்சிங் கரைசல் ஊற்றி ஊறவிட வேண்டும். அழுக்கின் மேலேயே பிளீச்சிங்கைக் கொட்டுவது காசுக்குப் பிடித்த கேடு.

மழைக்காலத்தில் புழு வைத்த புண்கள். மேலே ரூபாய் நாணய அளவு ஓட்டை, உள்ளே விரல் முழுதும் போகும் பள்ளம். நாற்றம் அறைக்கு வெளியிலேயே சொல்லிவிடும். புழு தலையைச் சதைக்குள் புதைத்துக்கொண்டு பின்புறத்தால் மூச்சு விடுகிறது. குழியைக் களிம்பால் அடைத்தால் மூச்சு முட்டி மேலே வரும். அப்போது இடுக்கியால் ஒவ்வொன்றாக எடுக்கலாம். இழுத்துப் பாதியில் அறுத்தால் மிச்சம் உள்ளேயே அழுகும். இரக்கப்பட்டுப் பெட்ரோல் ஊற்றிக் கொண்டுவருகிறவர்கள் உண்டு. புழுவோடு சேர்ந்து நல்ல சதையும் வெந்துபோயிருக்கும்.

"தொண்டையில் எலும்பு சிக்கிக்கொண்டது" என்று யாராவது போன் செய்தால் மட்டும் எனக்குக் குலை நடுங்கும். தாடை தொங்கி எச்சில் வழிகிற நாய்க்கு வெறிநோயாகவும் இருக்கலாம். எலும்பைத் தேடி வாய்க்குள் கைவிட்டுவிட்டார்களா என்பதுதான் என் முதல் கேள்வி. விட்டிருந்தால் கையைச் சோப்புப் போட்டு ஓடும் நீரில் கால் மணி நேரம் கழுவிவிட்டு உடனே அரசு மருத்துவமனைக்குப் போகச் சொல்வேன். நாய் பிறகு.

தெருநாய்களை எல்லாம் காப்பகத்தில் அடைக்க வேண்டியதுதானே என்று கேட்காதவர்கள் குறைவு. 2025 ஆகஸ்டில் டெல்லி விஷயத்தில் உச்ச நீதிமன்றமே முதலில் அப்படி உத்தரவிட்டு, சில நாட்களில் அதைத் திருத்தியது: கருத்தடை செய்து, தடுப்பூசி போட்டு, பிடித்த இடத்திலேயே விட வேண்டும், வெறிநோய் கண்டவையும் மூர்க்கமானவையும் விலக்கு. கடிபட்டவர்களின் கோபம் நியாயமானது. ஆனால் ஐந்து நாய்க்கான இடத்தில் பதினைந்தை அடைத்தால் சோற்றுக்குச் சண்டை, கடிக்காயம், கூடவே டிஸ்டம்பர் என்கிற தொற்றுநோய். தெருவில் ஒன்றிரண்டோடு நிற்கிற நோய் இங்கே வரிசையாகக் கூண்டுகளைக் காலி செய்யும்.

அதனால்தான் "ஒரு குட்டிதானே, ஓரமாகக் கிடக்கட்டும்" என்கிறவர்களிடம் இடமில்லை என்று சொல்லப் பழகிவிட்டேன். தடுப்பூசி போட்டுத் தருகிறேன், இரண்டு வாரம் உங்கள் வீட்டிலேயே வைத்திருங்கள் என்பேன். சிலர் வைத்துக்கொள்கிறார்கள். சிலர் இருட்டியதும் கேட்டில் கட்டிவிட்டுப் போகிறார்கள். அவற்றுக்காக ஸ்டோர் ரூமைக் காலி செய்து தனி வாளி, தனித் துடைப்பம் போட்டிருக்கிறோம். அக்கா வேலை முடித்துக் கிளம்பும் முன் கடைசியாகக் கழுவுகிற இடம் அது.